காருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்!

கல்யாணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். காருக்குப் பழைய சாமான் வாங்கும்போது ஒரு பொருத்தம்கூடப் பார்ப்பது இல்லை. "இது செட் ஆகுமா?" என்று கேட்கிறோம். "ஆகும், சார்!" என்கிறார் கடைக்காரர். உடனே பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

இது சரி அல்ல. கண்ணாடி, விளக்கு என்றால் போகட்டும். பொருந்தாவிட்டால் பணம்தான் நஷ்டம். காரின் எலும்பு போன்ற பாகங்களில் இந்த அலட்சியம் உயிருக்கே ஆபத்து.

எலும்பும் சட்டையும்

பானெட்டும் மட்கார்டும் காருக்குச் சட்டை போன்றவை. முன்சக்கரத்துக்கு மேல் உள்ள ஏப்ரன், எஞ்சினுக்குக் கீழே ஓடும் கிராஸ் மெம்பர், கூரையைத் தாங்கும் பில்லர் ஆகியவை எலும்புகள். லாரிக்குத் தனியாகச் சேஸிஸ் உண்டு. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. பாடியே சேஸிஸ். கார் மோதினால் அடியைத் தாங்கி, உள்ளே இருக்கும் குழந்தை குட்டிகளைக் காப்பாற்றுவது இந்த எலும்புகள்தான்.

தியாகராய நகரில் கார் அடிபட்டாலும் சரி, அடையாறில் அடிபட்டாலும் சரி, பட்டறைக்காரர் சொல்லும் ஊர் புதுப்பேட்டை. எழும்பூருக்குப் பக்கத்தில், கூவம் கரையை ஒட்டிய இடம். பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகள் அங்கே ஏராளம். காலையில் காணாமல் போன கார் மாலையில் புதுப்பேட்டையில் சாமானாகத் தொங்கும் என்று சென்னையில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. எல்லாக் கடைக்காரர்களையும் அப்படிச் சொல்வது அநியாயம். கம்பெனி கைவிட்ட கார்களை ஓடவைப்பது அவர்கள்தான். அம்பாசிடர் உற்பத்தியும் மாருதி 800 உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டன. மறைமலை நகரில் ஃபோர்டு கார் தயாரிப்பு 2022-ல் நின்றது. மயிலாப்பூர் வீட்டு வாசலில் நிற்கும் பழைய காருக்குப் புதுச் சாமான் தேடி எங்கே போவது? புதுப்பேட்டைக்குப் போவதில் தப்பே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதுதான் தப்பு.

பெயரை நம்பாதீர்கள்

மாருதி 800 என்று ஒரே பெயர்தான். ஆனால், 1983-ல் வந்த வண்டியின் பாடி வேறு. 1986-ல் மாறிய பாடி வேறு. சான்ட்ரோ நமக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில் செய்த கார். அது 1998-ல் வந்தது. 2003-ல் சான்ட்ரோ ஜிங் என்று உருவம் மாறியது. 2018-ல் அதே பெயரோடு முற்றிலும் வேறு ஒரு கார் வந்தது. ஸ்விஃப்ட் கார் 2005, 2011, 2018, 2024 என்று நான்கு தலைமுறை கண்டுவிட்டது. பெயர் ஒன்று, எலும்பு நான்கு!

வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே மாற்றம் இருக்கலாம். டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம் என்ற விதி 2019 ஜூலையில் வந்தது. அதற்கு முந்திய வண்டியில் ஏர்பேக்கும் அதன் சென்சாரும் இல்லாமல் இருக்கலாம். அந்த வண்டியின் முன்பாகத்தை வெட்டி உங்கள் வண்டியில் ஒட்டினால், சென்சாரை மாட்ட இடமே இருக்காது. ஏர்பேக் சமயத்தில் கைவிட்டுவிடும்.

எப்படிப் பார்ப்பது?

முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள். வண்டி தயாரான மாதமும் வருடமும் சேஸிஸ் நம்பரும் அதில் இருக்கும். கம்பெனி டீலரின் ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவில் அந்த நம்பரைக் காட்டினால், உங்கள் வண்டிக்கு உரிய பாகத்தின் நம்பரைச் சொல்வார்கள். பழைய சாமான் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அந்த வண்டிக்கும் அதே பாக நம்பர் என்றால் நல்லது. பதில் சொல்லத் தெரியாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

உடைந்த பாகத்தையும் கையோடு கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, துவாரங்களை எண்ணுங்கள். டேப்பால் அளந்து பாருங்கள். குறுக்காகவும் அளக்க வேண்டும். சில மில்லிமீட்டர் பிசகினாலே சக்கரம் கோணும். டயர் ஒரு பக்கம் தேயும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். துவாரத்தைப் பெரிதாக்கி மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

ஒரு சிறு காந்தம் இருந்தால் எடுத்துப் போங்கள். இரும்பில் ஒட்ட வேண்டிய காந்தம் ஒட்டாவிட்டால், உள்ளே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். கேஸ் கட்டரால் அறுத்த பில்லர் வேண்டவே வேண்டாம். புதிய கார்களின் பில்லரில் உறுதியான எஃகு இருக்கிறது. சூடு பட்டால் அதன் பலம் போய்விடும்.

சென்னைக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது எத்தனையோ கார்கள் முழுகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அப்படியே. முழுகிய காரின் எலும்பு வெளியே பளபளக்கும். உள்ளே துரு தின்றிருக்கும். துவாரத்துக்குள் விளக்கு அடித்துப் பாருங்கள். உலர்ந்த சேறு தெரிந்தால் வாங்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. சேஸிஸ் நம்பர் பொறித்த பகுதியை வெட்டி ஒட்டுவது பெரிய வம்பு. திருட்டுச் சாமான் என்று தெரிந்தே வாங்கினால் சிறைத் தண்டனையும் உண்டு. ஆகவே ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டியைப் பிரிக்கும்போதே ஒவ்வொரு பாகத்திலும் மாடல், வருடம், சேஸிஸ் நம்பர் மூன்றையும் எழுதி ஒரு அட்டை கட்டுங்கள். அடிபட்ட வண்டியா, வெள்ளத்தில் முழுகியதா என்பதையும் எழுதுங்கள். பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வீர்கள் என்பதை ரசீதிலேயே குறியுங்கள். அப்படி எழுதித் தரும் கடையில் நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் நான் கொடுப்பேன்.