தீர்ப்புக்கு முன்பே தண்டனை

ஒருவரைத் தண்டிக்க அரசு நான்கு நியாயங்களைச் சொல்கிறது. செய்த தீங்குக்கு ஈடு, மற்றவர்களுக்கு எச்சரிக்கை, சமூகத்துக்குப் பாதுகாப்பு, தவறியவர் திருந்த வாய்ப்பு. இவற்றுள் எது முதன்மை என்ற விவாதம் நீதிமன்றங்களில் இன்றும் ஓயவில்லை. ஆனால் நான்குக்கும் அடிப்படை ஒன்றுதான்: முதலில் குற்றம் நிரூபணமாக வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நான்கில் மூவருக்குத் தீர்ப்பே வரவில்லை. நிரூபணமாகாத குற்றத்துக்கு எதை ஈடு செய்வது? எதிலிருந்து திருந்துவது?

வழக்கு நடத்தவும் சாட்சிகளைக் காக்கவும் சிலரைக் காவலில் வைக்க நேரலாம், மறுக்கவில்லை. ஆனால், ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காததால் உள்ளேயே கிடப்பவரை எந்த நியாயத்தில் சேர்ப்பது? அவர் அனுபவிப்பது வறுமைக்கான தண்டனை. உரிய உச்சத் தண்டனைக் காலத்தையும் தாண்டி பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் அடைபட்டிருந்ததை 1979இல் ஹுசைனாரா கட்டூன் வழக்கு வெளிக்கொணர்ந்தது. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் அப்போதே சொல்லிவிட்டது.

திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடிகளுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில் கைதானார். நடுக்குவாதத்தால் தம்ளரைப் பிடிக்க முடியாத அந்த முதியவர், உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, 84 வயதில் இறந்தார். வழக்கு விசாரணை தொடங்கியிருக்கவே இல்லை.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்திருக்கிறது. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால் பிணைப் பத்திரத்தின் பேரில் விடுவிக்கப்பட வேண்டும். அதற்காக நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. ஆனாலும் பயன்பெறக்கூடியவர்கள் ஏராளம்.

இப்பிரிவின்படி எத்தனை பேர் விடுதலையானார்கள் என்பதைத் தமிழக அரசு சிறைவாரியாக வெளியிட வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் மாதந்தோறும் கைதிகளின் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். வழக்கறிஞர்களாக உள்ள வாசகர்கள் ஆளுக்கொரு ஏழைக் கைதியின் ஜாமீன் மனுவைக் கட்டணமின்றி நடத்தித் தர வேண்டுகிறோம்.