வெறும் போத்தலுக்குச் சொந்தக்காரர் யார்?

சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்றைக் குப்பைமேட்டில் கண்டவர் எவராவது உண்டா? இலங்கையின் மூலைமுடுக்குகளிலெல்லாம் இலட்சக்கணக்கான சிலிண்டர்கள் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றேனும் வாய்க்காலில் கிடப்பதில்லை. மழைவெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுக் கடற்கரையில் ஒதுங்குவதுமில்லை. இதற்குக் காரணம் எம்மவரின் சுற்றாடற் பற்று அல்ல. வெறும் சிலிண்டரைக் கையளிக்காதவர் புதிய சிலிண்டருக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும் என்பதே காரணம். நிரம்பியதை இறக்கும் லொறியே வெறுமையானதை ஏற்றிச் செல்கிறது.

அதே வீதியில், அதே கடைக்கு, அதே மக்களுக்கு இன்னொரு லொறி குளிர்பானமும் தண்ணீரும் பிளாஸ்ரிக் போத்தல்களில் கொண்டுவந்து இறக்குகிறது. அந்த லொறி திரும்பும்போது வெறுமையாகவே திரும்புகிறது. போத்தல்கள் வாய்க்காலுக்குப் போகின்றன.

இவ்விரண்டு லொறிகளையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், எமது நாட்டின் கழிவுப் பிரச்சினை குறித்து மேடைகளில் முழங்கப்படும் பேச்சுகளில் பெரும்பகுதி பொய் என்பது தெளிவாகும். 'மக்களுக்கு ஒழுக்கம் இல்லை, மனமாற்றம் வேண்டும், பாடசாலையிலிருந்தே விழிப்புணர்வு ஊட்ட வேண்டும்' என்று கைத்தொழில் அதிபர்களும் அமைச்சர்களும் ஒரே குரலில் சொல்லிவருகிறார்கள். சிலிண்டரை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கும் அதே மனிதன்தான் போத்தலை வீசுகிறான். அவனுடைய ஒழுக்கம் சிலிண்டருக்கு ஒன்று, போத்தலுக்கு இன்னொன்று என இரண்டாகப் பிளந்து கிடக்கிறதா? இல்லை. ஒன்றுக்குத் திரும்பிப் போகும் வழி அமைக்கப்பட்டிருக்கிறது, மற்றையதற்கு அமைக்கப்படவில்லை. அமைக்காதவர் எவரோ அவரே கேள்விக்குரியவர்.

வர்த்தக முகாமைத்துவ நூல்கள் இதனை எதிர்த்திசை விநியோகம் என்பன. உற்பத்திச்சாலையிலிருந்து பொருள் நுகர்வோரிடம் போவது ஒரு திசை. பயன்படுத்தி முடிந்த பொருளோ அதன் உறையோ உற்பத்தியாளரிடம் திரும்புவது மறு திசை. பெயர் புதியதேயொழிய வழக்கம் பழையது. நான் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த பத்திரிகைத் தொழிலே இதற்குச் சான்று. விற்பனையாகாத பிரதிகளை முகவர்கள் கட்டிக் கொடுப்பார்கள். விநியோக வாகனம் அவற்றைக் கொண்டுவரும். அவை எண்ணப்பட்டு, கணக்குத் தீர்க்கப்பட்டு, பழைய கடதாசியாக விலைபோகும். சில ரூபா பெறுமதியுள்ள பத்திரிகைக்கே இத்தனை ஒழுங்கு சாத்தியமாயிற்று. வாகனத்துக்குப் புதிய பற்றரி வாங்குபவர் பழையதைக் கொடுத்து விலையிற் கழிவு பெறுவதும் இதே ஒழுங்கின்படிதான். அதனுள் இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு என்பதால் அது தெருவில் விடப்படுவதில்லை.

என் வயதையொத்தவர்கள் கண்ணாடிப் போத்தற் காலத்தை மறந்திருக்க மாட்டார்கள். சோடாவைக் கடையில் நின்று குடிக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோவதாயின் வெறும் போத்தல் கொடுக்க வேண்டும், அல்லது போத்தற் காசு கட்ட வேண்டும். கடையின் பின்புறத்தில் வெறும் போத்தல்கள் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருக்கும். அந்தப் போத்தல் கம்பனியின் சொத்து. அது உடைந்தால் கம்பனிக்கு நட்டம். ஆகவே கம்பனி அதனைத் தேடி வந்து எடுத்துச் சென்று, கழுவி, மீண்டும் நிரப்பியது.

பின்னர் பிளாஸ்ரிக் போத்தல் வந்தது. பாரம் குறைவு, உடையாது, கழுவ வேண்டியதில்லை என்று அதன் நன்மைகள் எடுத்துரைக்கப்பட்டன. அவை உண்மைதான். ஆனால் சொல்லப்படாத நன்மை ஒன்றும் இருந்தது. திருப்பி எடுக்கும் செலவு கம்பனியின் கணக்கிலிருந்து அழிந்தது. அழிந்த அந்தச் செலவு மாநகரசபையின் கணக்கிலும் பிரதேச சபையின் கணக்கிலும் ஏறியது. வரி கட்டும் பொதுமகன், அந்தப் பானத்தை ஒருநாளும் அருந்தாதவனாயினும், அதன் போத்தலை அகற்றக் கூலி கொடுக்கிறான். கம்பனியின் சேமிப்பு என்று ஆண்டறிக்கையில் எழுதப்படுவது உண்மையில் இவன் பையிலிருந்து போன பணம்.

பணத்தோடு முடிந்திருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொலன்னாவையை அண்டிய மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் அதனுள் புதைந்து மாண்டனர். கொழும்பின் குப்பைக்கு அருகில் வாழ நேர்ந்த ஏழைகள் அவர்கள். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் யானைகள் குப்பைமேட்டில் மேய்ந்து, பிளாஸ்ரிக்கை விழுங்கி இறக்கின்றன. எட்டு ஆண்டுகளில் சுமார் இருபது யானைகள் அவ்வாறு இறந்ததாக 2022இன் தொடக்கத்தில் செய்திகள் வெளியாகின. யாழ்ப்பாணத்துக் கழிவுகள் கொட்டப்படும் கல்லுண்டாயில் குப்பை தீப்பற்றுவதும், அயலிலுள்ளோர் புகையைச் சுவாசிப்பதும் வழமையான செய்திகளாகிவிட்டன. மீதொட்டமுல்லையில் சரிந்தது மாநகரக் குப்பை என்றுதான் எழுதினோம். அந்தக் குப்பையில் யார் யாருடைய பெயர் பொறித்த உறைகள் கிடந்தன என்று எந்தப் பத்திரிகையும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தப் பெயர்களுக்குரியவர்கள் எங்கள் விளம்பரதாரர்கள்.

இனி, இதே அரசு இதே விடயத்தில் வெளிநாட்டாரிடம் எவ்வாறு பேசியது என்பதையும் நோக்குவோம். 2017, 2018ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்கள் இலங்கைக்கு வந்தன. பழைய மெத்தை, கம்பளம் என்பவற்றைப் பிரித்து மீள்சுழற்சி செய்யவே அவை கொண்டுவரப்பட்டன எனக் கூறப்பட்டது. 2019இல் விவகாரம் அம்பலமானபோது, மருத்துவமனைக் கழிவுகளும் அவற்றுள் இருப்பதாகச் சுங்க அதிகாரிகள் தெரிவித்தனர். நாடு கொதித்தெழுந்தது. சூழல் நீதிக்கான அமைப்பு ஒன்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடியது. அபாயகரமான கழிவுகளின் நாடுகடந்த நகர்வைக் கட்டுப்படுத்தும் 1989ஆம் ஆண்டின் பாசெல் சமவாயம் எடுத்துக்காட்டப்பட்டது. 2020 செப்ரெம்பரில் முதற்தொகுதியாக 21 கொள்கலன்கள் திருப்பி அனுப்பப்பட்டன. 2022 பெப்ரவரியில் இறுதித் தொகுதியும் கப்பலேறியது.

நல்லது. 'உன்னுடைய குப்பை, நீயே எடுத்துப் போ' என்று முன்னாள் எசமானரிடம் சொன்னோம். அவரும் எடுத்துப் போனார். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கி, பிளாஸ்ரிக் குருணைகள் மேற்குக் கரையெங்கும் படிந்தபோதும் அவ்வாறே பேசினோம். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்பது உள்நாட்டுச் சட்டத்துக்கும் புதிதல்ல. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் இரண்டு கோடி ரூபா செலுத்துமாறு அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. கொள்கை இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. அப்படியானால் கல்லுண்டாயிலும் பள்ளக்காட்டிலும் கிடக்கும் உறைகளின் உற்பத்தியாளரிடம் மட்டும் 'உன்னுடையதை எடுத்துப் போ' என்று சொல்ல இந்த அரசின் நா ஏன் எழவில்லை?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் கூறவில்லை. 2017 செப்ரெம்பரில் உணவு சுற்றும் பொலித்தீன் தாளும் ரெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. 2021இல் சிறு பைக்கற்றுகள் சிலவற்றுக்கும், 2023 ஒக்டோபரில் ஒருமுறை பயன்படுத்தும் உறிஞ்சுகுழாய், கரண்டி முதலியவற்றுக்கும் தடை வந்தது. 2025 நவம்பர் முதல் கடைகளில் பொலித்தீன் பைக்கு விலை அறவிட வேண்டும் என்றாயிற்று. இவற்றை நான் எதிர்க்கவில்லை. ஆனால் இந்தத் தடைகளின் பாரம் யார்மீது விழுகிறது என்று பாருங்கள். சாப்பாட்டுப் பார்சல் கட்டும் சிறு கடைக்காரர், மரக்கறி விற்கும் பெண், பை கேட்கும் வாடிக்கையாளர். கோடிக்கணக்கான போத்தல்களைச் சந்தைக்கு விடும் பெருங் கம்பனிகளுக்கோ, எத்தனை விட்டோம், எத்தனையைத் திருப்பி எடுத்தோம் என்று பொதுமக்களுக்குக் கணக்குக் காட்டும் கடமைகூட இன்றுவரை உறைக்கும்படி சுமத்தப்படவில்லை.

கம்பனிகள் இதற்குப் பதில் வைத்திருக்கின்றன. தாமாகவே முன்வந்து போத்தல் சேகரிக்கும் பெட்டிகளை வைத்திருப்பதாகவும், கடற்கரையைத் துப்புரவு செய்வதாகவும் சொல்வார்கள். ஒரு காலைப்பொழுதில் ஒரே நிறச் சட்டை அணிந்த ஊழியர்கள் கடற்கரையில் குனிந்து நிற்கும் படம் மறுநாள் பத்திரிகையில் வரும். அன்று அவர்கள் பொறுக்கியதைவிட எத்தனையோ மடங்கு அதே காலையில் அவர்களது உற்பத்திச்சாலை வாசலைத் தாண்டி வெளியேறியிருக்கும். தானாக முன்வந்து செய்வது, தானாகவே கைவிடவும் கூடியது. நாட்டில் உண்மையாகப் போத்தல் சேகரிப்பவர் சைக்கிளில் சாக்கோடு திரியும் மனிதரே. கையுறையும் இல்லாமல், காப்புறுதியும் இல்லாமல், கிலோவுக்குக் கிடைக்கும் சில்லறைக்காக அவர் பாடுபடுகிறார். அவர் சேகரித்த தொகையைத்தான் கம்பனிகள் தமது சாதனையாக விருது மேடைகளில் வாசிக்கின்றன.

மாற்று வழி இருக்கிறதா என்ற கேள்வியைப் புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் கேட்கத் தேவையில்லை. அவர்கள் அதனோடுதான் வாழ்கிறார்கள். ஜேர்மனியில் 2003 முதல் ஒருமுறைப் பாவனைப் போத்தலுக்கும் தகரப் பேணிக்கும் 25 சதம் வைப்புப் பணம் அறவிடப்படுகிறது. திருப்பிக் கொடுத்தால் பணம் மீளும். நோர்வேயில் இன்னும் நுட்பமான ஏற்பாடு. பான உறைகளுக்குச் சுற்றாடல் வரி உண்டு. எந்த அளவுக்கு உறைகள் திருப்பி எடுக்கப்படுகின்றனவோ அந்த அளவுக்கு அவ்வரி குறையும். நூற்றுக்கு 95ஐத் தாண்டினால் வரியே இல்லை. அங்கே போத்தலைத் தேடிப் பிடிப்பது கம்பனியின் இலாபத்துக்கே உகந்ததாகிவிடுகிறது.

பணக்கார நாடுகளின் கதை எமக்கு எதற்கு என்பீர்களாயின், பாக்கு நீரிணைக்கு அப்பால் பாருங்கள். மலைகளிலும் காட்டு விலங்குகளின் பாதைகளிலும் மதுப் போத்தல்கள் உடைந்து கிடப்பதைக் கண்டு சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதன் விளைவாக, 2022 மே மாதத்தில் நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் ஒரு திட்டம் ஆரம்பமாயிற்று. போத்தலுக்கு மேலதிகமாக பத்து ரூபா. வெறும் போத்தலைக் கொடுத்தால் அப்பணம் மீளும். பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட போத்தல்கள் திரும்பி வந்தன. பின்னர் ஏனைய மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. மது அருந்துவோரிடமே ஒழுக்கத்தை வரவழைக்கப் பத்து ரூபா போதுமாயிருந்திருக்கிறது. எந்த விழிப்புணர்வுக் கருத்தரங்கும் தேவைப்படவில்லை.

விலை ஏறிவிடும் என்பது கம்பனிகளின் வழமையான ஆட்சேபம். வைப்புப் பணம் விலை அல்ல. அது திரும்பி வருவது. திருப்பிக் கொடுக்காதவருக்கே அது விலையாகிறது. சிறு கடைகளில் இடமில்லை என்பது இன்னொன்று. அன்று சோடாப் பெட்டிகளுக்கு இருந்த இடம் இன்று எங்கே போயிற்று? நசுக்கக்கூடிய பிளாஸ்ரிக் போத்தல் கண்ணாடியைவிடக் குறைந்த இடத்தையே அடைக்கும். கடைக்காரருக்கு ஒவ்வொரு போத்தலுக்கும் சிறு தரகு கொடுத்தால் அவர் மறுக்கப் போவதுமில்லை. நிரம்பிய போத்தலை முள்ளியவளையின் கடைசிக் கடைவரை கொண்டுசெல்ல வழி தெரிந்தவர்களுக்கு வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவர மட்டும் வழி தெரியாது என்பதை எவ்வாறு நம்புவது?

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பொருளாதாரத் தடையின் ஆண்டுகளில் வடக்கு மக்கள் எதையும் வீசவில்லை. ஜாம் போத்தல் விளக்காயிற்று. சைக்கிள் டைனமோ வானொலியை இயக்கிற்று. அதனை எமது பண்பாட்டின் பெருமையாகச் சிலர் இன்று எழுதுகிறார்கள். அது முற்றுகையின் கீழ் வாழ்ந்தோரின் நிர்ப்பந்தம். மீண்டும் அந்த வறுமைக்குப் போய்ச் சிக்கனம் பயிலுங்கள் என்று எவரும் அம்மக்களுக்கு உபதேசிக்க வேண்டியதில்லை. உபதேசம் போக வேண்டிய இடம் கம்பனியின் பணிப்பாளர் சபை.

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. பான உறைகள் அனைத்துக்கும் வைப்புப் பணத்தைச் சட்டத்தால் கட்டாயமாக்க வேண்டும். சந்தைக்கு விட்டது எவ்வளவு, திருப்பி எடுத்தது எவ்வளவு என்பதை ஒவ்வொரு கம்பனியும் ஆண்டுதோறும் கணக்காய்வுக்கு உட்படுத்திப் பகிரங்கப்படுத்த வேண்டும். எடுக்காத பங்குக்கு வரி கட்ட வேண்டும். அந்த வரிப்பணத்தின் ஒரு பகுதி குப்பை சேகரிப்போரின் ஊதியத்துக்கும் காப்புறுதிக்கும் போக வேண்டும்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் தடை விதித்த அரசுக்கு, இவற்றை விதிக்கவும் வழி காண்பது கடினமல்ல. தடையாயிருப்பது சட்டத்தின் போதாமை அல்ல. தேர்தல் நிதி கொடுப்பவரையும் விளம்பரம் கொடுப்பவரையும் பகைத்துக்கொள்ள அரசியல்வாதிக்கும் பத்திரிகை முதலாளிக்கும் மனம் வராமையே. அடுத்த முறை ஓர் அமைச்சர் மக்களின் ஒழுக்கம் பற்றிப் பேசும்போது, சபையில் எவராவது எழுந்து எரிவாயு சிலிண்டரைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.