தாமதத்தை முன்னதாகச் சொல்வதே மரியாதை

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜப்பானிய, கொரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் நிறுவனங்கள் ஏராளம். வெளிநாட்டினரோடு பழகும் முறை என்றாலே விசிட்டிங் கார்டை இரு கைகளாலும் நீட்டுவது, எவ்வளவு குனிவது, யார் எங்கே உட்காருவது என்பவைதான் முதலில் பேசப்படுகின்றன. அவையும் தேவைதான், ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிடலாம். ஆனால், சரக்கு தாமதமாகும் என்று திங்கட்கிழமையே தெரிந்தும் வெள்ளிக்கிழமை வரை ‘ஆயிடும் சார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்த வணக்கங்களுக்குப் பொருளில்லை. உதிரிபாகங்களைக் குவித்து வைக்காமல், தேவைப்படும் நேரத்தில் வரவழைக்கும் ஆலையில் ஒரு லாரி வராவிட்டால் உற்பத்தியே நின்றுபோகலாம். நான்கு நாள் முன்பே தெரிந்தால், எந்த வண்டியை முதலில் தயாரிப்பது என்பதையாவது மாற்றிக்கொள்வார்கள்.

பயமில்லாமல் சொல்ல வழி இருந்தால் குறைகள் முன்னதாகவே வெளிவரும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய ஆலையை, 1984-ல் டொயோட்டாவும் அந்நிறுவனமும் கூட்டாகத் திறந்தன. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. குறை கண்டால் கயிற்றை இழுத்துச் சொல்லலாம், தேவைப்பட்டால் உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்ற உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. இழுத்தவரைத் திட்டாமல், உதவ ஓடிவர வேண்டும் என்பது குழுத் தலைவரின் கடமை ஆனது. சில ஆண்டுகளிலேயே அங்கு தயாரான கார்களின் தரம் ஏறக்குறைய ஜப்பானிய ஆலைக்கு நிகரானது. கயிறு மட்டும் இருந்து, இழுத்தவருக்குத் தண்டனையும் இருந்திருந்தால் யார் அதைத் தொட்டிருப்பார்கள்?

‘ஜப்பானியரே முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்குகிறவர்கள் ஆயிற்றே’ என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி எதிர்ப்புகளைத் தெரிந்துகொள்வது அவர்களின் வழக்கம். சபையில் சொல்ல முடியாததை முன்னதாகச் சொல்ல அங்கே ஓர் இடம் உண்டு. நம் சப்ளையருக்கு அந்த இடம் பல நேரங்களில் கிடைப்பதில்லை என்பதே என் கவலை. ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில்தான் அவர் தலையாட்டுகிறார். அதைப் பண்பாட்டுக் குறை என்று ஒதுக்குவது அநியாயம். ஆகவே, பாதிப் பொறுப்பு வாங்குகிறவருடையது. முதலாளி பக்கத்தில் இருக்கும்போது இளம் இன்ஜினீயரிடம் ‘முடியுமா, முடியாதா’ என்று கேட்டால் அவர் வேறென்ன சொல்வார்? எத்தனை முடிந்தது, எது பாக்கி, எங்கே தடை என்று கேட்கட்டும். தாமதத்தை முன்கூட்டிச் சொன்ன சப்ளையருக்கும் கடைசி நாளில் கைவிரித்தவருக்கும் ஒரே அபராதம் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தால், முதலில் அதைத் திருத்தட்டும்.