மாற வேண்டியது வினாத்தாள்

தில்லியில் ஆட்சி மாறினால் அதிகாரிகளோடு சேர்ந்து மாற்றப்படுவது வரலாற்றுப் பாடப் புத்தகம். ஜனதா ஆட்சியில், 1978-ல், ஆர்.எஸ். சர்மாவின் பண்டைய இந்திய வரலாறு விலக்கப்பட்டது. 2002-ல் புதிய புத்தகங்கள் வந்தன. 2004-ல் அரசு மாற, 2006 முதல் வேறு புத்தகங்கள். 2023-ல் பன்னிரண்டாம் வகுப்பு நூலில் மொகலாய அரசவை பற்றிய அத்தியாயம் காணாமல் போனது. பாடச் சுமையைக் குறைக்கிறோம் என்றது என்.சி.ஈ.ஆர்.டி.

அடித்துக்கொள்ளும் இரு தரப்புக்கும் ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு இல்லை: அச்சில் இருப்பதை மாணவர்கள் அப்படியே நம்புவார்கள் என்பதுதான் அது. வரலாறு கற்பிப்பதன் நோக்கம் இந்த நம்பிக்கையை உடைப்பதல்லவா?

1857-ஐ எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷாருக்கு அது சிப்பாய்க் கலகம். 1909-ல் வெளியான நூலில் சாவர்க்கர் அதைச் சுதந்திரப் போர் என்றார். 1957-ல் ஆர்.சி. மஜூம்தார் அந்தப் பெயரை ஏற்க மறுத்தார். தேர்விலோ இது ஒரு மதிப்பெண் கேள்வி. சரியான பெயரை எழுதினால் போதும்.

அதே பாடத்தை வேறு விதமாகவும் நடத்தலாம். 1857 ஆகஸ்ட் 25-ம் தேதியிட்ட ஆஜம்கர் பிரகடனம், ஜமீன்தார்கள், வணிகர்கள், அரசு ஊழியர்கள், கைவினைஞர்கள், பண்டிதர்கள்-பக்கிரிகள் என ஒவ்வொரு பிரிவினரிடமும் தனித்தனியே பேசுகிறது. அதை வகுப்பில் கொடுத்துக் கேட்கலாம்: இதை எழுதியவருக்கு யாருடைய ஆதரவு தேவைப்பட்டது? கூலி விவசாயிக்கு ஏன் தனிப் பிரிவு இல்லை? ஒரு பிரிட்டிஷ் அதிகாரி இதைப் படித்திருந்தால் மேலிடத்துக்கு என்ன எழுதியிருப்பார்?

இது ஒன்றும் கற்பனையல்ல. 2006-க்குப் பிறகு வந்த பாட நூல்களில் இந்தப் பிரகடனமே இடம்பெற்றது. மனப்பாடத்திலிருந்து கல்வியை விடுவிக்க வேண்டும் என்று 2005-ன் தேசியக் கலைத்திட்டமும் சொன்னது. ஆனால் பொதுத் தேர்வில் எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் ஆசிரியர் நடத்துவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பதினெட்டு வயதில் ஓட்டுப் போடப்போகும் பிள்ளையின் கைபேசிக்கு, ஏதோ ஒரு மன்னன் ஏதோ ஒரு கோயிலை இடித்தான் என்றோ கட்டினான் என்றோ தினமும் செய்தி வருகிறது. 'இதற்கு என்ன ஆதாரம்? சொல்வது யார்?' என்று கேட்கும் பழக்கம் பள்ளியில் வராவிட்டால் பிறகு வருவது கடினம். அத்தியாயங்களுக்காக நாடாளுமன்றம் வரை சண்டை போடுகிறோம். வினாத்தாளை மாற்றச் சொல்லி இதுவரை எந்தக் கட்சியும் ஊர்வலம் போனதில்லை.