விடுதலைக்குப் பின்னும் ஓர் ஐயம்

இங்கிலாந்திலே 2001 ஆம் ஆண்டு சனவரியில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் கொள்ளை முயற்சிக் குற்றச்சாட்டிற் கைதானான். பொலிசார் அவனுடைய கைரேகையையும் மரபணு மாதிரியையும் எடுத்தனர். யூன் மாதத்தில் நீதிமன்றம் அவனை விடுவித்தது. பொலிசாரோ மாதிரியை அழிக்க மறுத்தனர். விடுதலையானோர் மாதிரிகளை அழிக்குமாறு 1984 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கடப்பாடு அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டிருந்தது.

கணினியிற் பதிவது சில எண்களே. குளிரறையில் வைத்த மாதிரியோ ஒருவனுடைய நோய்க்கூறுகளையும் உரைக்க வல்லது. ஆளை அறிய எண்கள் போதுமாயின், மாதிரியைக் காப்பது எதன்பொருட்டு?

பழைய குற்றங்கள் துலங்குமே என்பர். துலங்கலாம், அவ்வாதத்தை நான் இகழேன். ஆயின், அதுவே நியாயமெனின் குடிகள் யாவரிடமுமன்றோ மாதிரி எடுத்தல் வேண்டும்? விடுதலை பெற்றவனை மட்டும் வேறாக வைத்தல் தீர்ப்பை நம்பாமையேயாம். சிறுவரோடு நெடுங்காலம் பழகிய ஆசிரியனாகிய எனக்கு அப்பிள்ளையின் வயதே பெரிதாய்த் தோன்றுகின்றது.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 17 நீதிபதிகளும் 2008 டிசெம்பர் 4 இல் ஒருமனதாக அவன் பக்கமே தீர்ப்பளித்தனர். மாதிரிகளைப் பொதுவாக ஆறு மாதத்துள் அழிக்க 2012 ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. எனினும், கடுங்குற்றஞ் சாட்டப்பட்டு விடுதலையானோரின் எண்குறிப்பை மூன்றாண்டு வைத்திருக்க அச்சட்டமே இடமளிக்கின்றது.