யாருக்குப்பா கோணல்? எனக்குத்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆண்களின் உடம்பைப் பற்றியது. பெண்களும் படிக்கலாம், மருமக்கள் படித்தாலும் எனக்குக் கூச்சமில்லை. வீட்டுக்காரம்மா படித்துப் பார்த்த பிறகுதான் போடுகிறேன். இரண்டு வரியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் சுற்றியது. ஆணுறுப்பு வளைவை ஒரே மண்டலத்தில் நேராக்கும் மூலிகை எண்ணெயாம். தினமும் இரண்டு வேளை அழுத்தித் தேய்த்து உருவ வேண்டுமாம். கீழே செல் நம்பர், எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்ற விவரம். அதற்கும் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ஒருவர், "யாருக்குப்பா கோணல்?" என்று கேட்டிருந்தார்.

எனக்குத்தான். நான்கு வருடமாக.

போடிமெட்டுக்கு எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட 17 என்று சொல்லும் ஊர் நம்முடையது. இந்த வளைவைப் பற்றி மட்டும் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான், சிரிப்பான்.

இதற்குப் பெயர் பெய்ரோனி நோய். பிரான்சில் பதினைந்தாம் லூயி மன்னருக்கு அறுவை மருத்துவராக இருந்த பெய்ரோனி 1743இல் இதை எழுதி வைத்தார். ஆணுறுப்புக்குள் ரத்தம் நிரம்பும் பஞ்சு போன்ற இரண்டு தூண்கள் உண்டு. அவற்றைச் சுற்றி உறுதியான உறை இருக்கிறது. அந்த உறையில் சின்னச் சின்னக் காயம் பட்டு, ஆறும்போது தழும்பு தடித்துவிட்டால் அந்த இடம் மட்டும் விரியாது. மற்ற பக்கம் விரியும். அதனால் வளைகிறது. அவ்வளவுதான் விஷயம். புற்றுநோய் அல்ல, ஒட்டுவாரொட்டி அல்ல, இளவயதில் செய்த எதற்கோ கிடைத்த தண்டனையும் அல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கூடுதலாக வரலாம், சில குடும்பங்களில் தொடரலாம். உள்ளங்கை தடித்து விரல் மடங்கிப்போகும் நோய் இருப்பவர்களுக்கும் இது வருவதுண்டு. அடிபட்ட நினைவே இல்லாதவர்களும் நிறைய.

முதலில் வலி இருக்கும், வளைவு மாறிக்கொண்டே வரும். இது ஆறு மாதமும் ஆகலாம், ஒன்றரை வருடமும் ஆகலாம். பிறகு வலி அடங்கி, வளைவு ஒரு நிலைக்கு வந்து நிற்கும். தானாக நேராவது கொஞ்சம் பேருக்குத்தான். எனக்கு இரண்டாம் வருடத்தில் வலி அடங்கியது. அதோடு வாழப் பழகிவிட்டேன். இதைச் சொல்ல வேண்டிய அவசியமும் அப்போது இல்லை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் மறுபடி வலி வந்தது. எப்படி என்பது உங்களுக்குத் தேவையில்லை. பழைய தழும்புக்குப் பக்கத்திலேயே, தொட்டால் சுருக்கென்றது. அன்று இரவு தூக்கமில்லை. இந்த நோய் உள்ளவனுக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது. புதுக் காயமா, இல்லை பழைய தழும்பின் நோவுதானா? புதுக் காயம் என்றால் மறுபடி முதலிலிருந்தா? இன்னும் கொஞ்சம் வளையுமா? டாக்டரிடம் போனேன். அவரும் அன்றைக்கே உறுதி சொல்லவில்லை. ஆறு வாரம் பார்ப்போம் என்றார். அது நேர்மையான பதில். உறுதியாகத் தெரியும் என்று அடித்துச் சொல்வது அந்த விளம்பரம் மட்டும்தான்.

வருத்தமான ஒன்றைச் சொல்கிறேன். நெருங்கிய உறவில் ஒருவரிடம் மட்டும் இதைச் சொன்னேன். "மாமா, இந்த வயசுல உங்களுக்கு அது எதுக்கு?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். இன்னொருவர், "கவனமா இருந்திருக்கலாம்ல" என்றார்.

இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கபடி ஆடும் பையனுக்கு முட்டியில் ஜவ்வு கிழிகிறது. ஆறு மாதம் கழித்து மறுபடி அதே முட்டியில் அடிபடுகிறது. நாம் என்ன செய்வோம்? ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போவோம். மலைக்குப் போகும் ஜீப்பிலிருந்து இறங்கும்போது ஏலத்தோட்டத்து அம்மாவுக்குப் பழைய கணுக்கால் மறுபடி பிசகினால், "அறுபது வயசுல உனக்குக் கணுக்கால் எதுக்கு?" என்று யாராவது கேட்பார்களா? காயம் பட்ட இடம் மாறினால் நியாயமும் மாறுமா? அறுபதுக்கு மேல் கணவன் மனைவிக்குள் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அந்த இரண்டு பேர். ஊர்ப் பஞ்சாயத்து அல்ல. அதை விடுங்கள், வலிக்கிறது ஐயா. வலிக்கு வயதுவரம்பு உண்டா?

இந்தக் கேலியும் அந்த விளம்பரமும் ஒன்றுக்கொன்று துணை. நாம் சிரிக்கிறோம், அதனால் அவன் டாக்டரிடம் போக மாட்டான். ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த செல் நம்பருக்குத்தான் போடுவான். லாட்ஜ் வைத்தியரின் முதலீடு மூலிகை அல்ல, நம்முடைய சிரிப்பு.

அவர்கள் சொல்லும் வைத்தியத்தைப் பாருங்கள். அழுத்தித் தேய்த்து உருவு, நேராக்கு. தழும்பு பிடித்த, புதிதாக வலிக்கிற உறையைக் கையால் வளைத்து நேராக்கினால் என்ன ஆகும்? மேலே ஒரு காயம். 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த நோய்க்கு ஓர் ஊசியை அனுமதித்தது. தழும்பைக் கரைக்கும் மருந்து. அந்த ஊசியின் தாளிலேயே, உறுப்பின் உறை கிழிந்துபோக வாய்ப்புண்டு என்று கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். ஊசிக்குப் பிறகு தாம்பத்தியத்துக்குச் சில வாரம் தடை. பயிற்சி பெற்ற டாக்டர் போடும் ஊசிக்கே இவ்வளவு பயம் இருக்கும்போது, லாட்ஜ் அறையில் எண்ணெய் விற்பவருக்கு எந்தப் பயமும் இல்லை.

"சார், இழுவைக் கருவி என்று டாக்டர்களே தருகிறார்களே" என்று மருந்துக்கடை வைத்திருக்கும் என் மாணவன் கேட்பான். ஆமாம், இருக்கிறது. மென்மையான விசையில், அளவு பார்த்து, டாக்டர் கண்காணிப்பில் செய்வது. புதுக் காயச் சந்தேகம் இருக்கும்போது அதையும் நிறுத்திவிட்டுக் கேட்கத்தான் வேண்டும். கையால் முறுக்குவதோடு அதைச் சேர்க்காதே. வைட்டமின் ஈ மாத்திரையும் அப்படித்தான், வருடக்கணக்காக விழுங்குகிறார்கள். அமெரிக்க யூராலஜி சங்கம் 2015இல் அதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

சித்த வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் லாட்ஜில் ரூம் போட்டு உட்காருவதில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தாம்பத்திய ஆற்றலைப் பெருக்குவதாகச் சொல்லும் மருந்து விளம்பரங்களைத் தடை செய்கிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணையில், உறுப்பின் அளவையும் வடிவத்தையும் சரிசெய்வதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று இருக்கிறது. வடிவம் என்ற சொல்லே அதில் இருக்கிறது! அப்படியானால் நம் குழுவில் சுற்றியது என்ன?

இன்னொரு ஆபத்தும் உண்டு. மூலிகை என்று விற்ற எத்தனையோ ஆண்மை மருந்துகளைச் சோதித்ததில், வயாகராவில் உள்ள அதே மருந்து சொல்லாமல் கலந்திருந்தது என்று அமெரிக்க அரசு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைக்கும் என் வயதுக்காரர் அதைத் தின்றால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

சரி, மறுபடி அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் என்னதான் செய்வது? எனக்குச் சொல்லப்பட்டதைச் சொல்கிறேன். வலி அடங்கி டாக்டர் சொல்லும்வரை தாம்பத்தியம் வேண்டாம். அமுக்கிப் பார்ப்பது, வளைத்துப் பார்ப்பது, எண்ணெய், பட்டி எதுவும் வேண்டாம். தூக்கத்தில் தானாக வரும் விறைப்பு இயல்பானது, அதற்குப் பயந்து தூங்காமல் கிடக்க வேண்டாம். டாக்டர் கேட்டால் வளைவைப் படம் எடுத்து வைக்க வேண்டும், முன்பைவிட மாறியிருக்கிறதா என்று பார்க்க அதுதான் ஆதாரம். (படம் எடுக்கும் முன் போனில் கூகுள் போட்டோஸ் மகன் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்துக்கொண்டேன்.) மணிக்கொரு தரம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுதான் எனக்கு நிறுத்தக் கஷ்டமாக இருந்தது. டாக்டர் வாரம் ஒரு நாள் மட்டும் பார்த்து டைரியில் குறிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை குறிக்கிறேன். மற்ற ஆறு நாள் தோட்டத்து வேலை.

காத்திருக்கவே கூடாத நேரமும் உண்டு. 'டப்' என்று சத்தம், உடனே விறைப்பு அடங்குதல், கத்தரிக்காய் நிறத்தில் வீக்கம், சிறுநீரில் ரத்தம் அல்லது சிறுநீர் வராமை. இவற்றில் எது இருந்தாலும் அன்று இரவே 108ஐக் கூப்பிட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். உறை கிழிந்திருக்கலாம், தைக்க வேண்டியிருக்கும். விடியட்டும், ஆள் நடமாட்டம் குறையட்டும் என்று பார்த்தால் கெட்டுவிடும்.

மனசு உடைந்துபோகிறவர்களும் இதில் நிறைய. எனக்கே முதல் வருடம் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. பேச ஆளில்லை என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் பேசலாம், பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த விளம்பரத்தைப் போட்ட தம்பிக்கு: உன்மேல் கோபமில்லை, வேடிக்கைக்குத்தான் போட்டாய். இன்று இரவுக்குள் எடுத்துவிடு. குழுவில் இருக்கும் ஆண்களில் எனக்கு மட்டும்தான் இது இருக்கும் என்று நான் நம்பவில்லை.

இதன் கீழே ஆறுதல் எழுத வேண்டாம், கும்பிடும் கைகளும் வேண்டாம். கேட்க ஏதாவது இருந்தால் தனியாக எழுதுங்கள், இல்லை போன் போடுங்கள், மதியம் இரண்டிலிருந்து நாலு தவிர. ஆறாவது வாரப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் மதுரை போகிறேன். யூராலஜி டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள் யாராவது இருந்தால் காலை ஆறு மணிக்குப் போடி பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள், சேர்ந்தே போகலாம். என்ன, ஏது என்று நான் கேட்க மாட்டேன்.