பிரிந்து சென்ற வீரரும் நமது தராசும்

மாலை வேளையில் தாம்பரத்தில் மின்சார ரயிலேறிப் பார்க் நிலையத்தில் இறங்கி, நேரு விளையாட்டரங்கை நோக்கி விரையும் நீலச் சட்டை அணிந்த மாணாக்கர் கூட்டத்தை அன்பர்கள் பார்த்திருத்தல் கூடும். அக்கூட்டத்தில் நாமும் சேர்ந்தவரே. வண்டி குரோம்பேட்டையைக் கடப்பதற்குள் ஏதேனும் ஒரு விவாதம் மூண்டுவிடும். பரங்கிமலையில் அது சூடேறும். மாம்பலத்தில் குரல்கள் உயரும். எழும்பூரில் வண்டி நிற்கும்பொழுதும் விவாதம் நில்லாது. இங்ஙனம் எழும் விவாதங்களுள் பல பருவங்களாகத் தீராத ஒன்று உண்டு. சென்னையை விட்டுக் கொல்கத்தாவுக்குச் சென்ற அனிருத் தாபா முன்போல் ஆடுகிறாரா, இல்லையா என்பதே அது.

வழக்கின் வரலாற்றை அறியாதார் பொருட்டுச் சில செய்திகளை முதற்கண் கூறுதல் வேண்டும். 1998ஆம் ஆண்டில் டேராடூனில் பிறந்த தாபா, 2016இல், தமது பதினெட்டாம் வயதில், சென்னையின் எஃப்.சி. கழகத்திற் சேர்ந்தார். 2017-18ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் அரையிறுதியில், கோவா அணியுடன் அவர்களுடைய களத்திலேயே நிகழ்ந்த முதலாட்டத்தை 1-1 எனச் சமனாக்கிய கோல் அவர் அடித்ததே. அப்பருவத்தின் இறுதியாட்டம் 2018 மார்ச் 17ஆம் நாள் பெங்களூரில் நடைபெற்றது. அதில் பெங்களூர் அணியை 3-2 என வென்று நம் கழகம் இரண்டாம் முறையாகக் கோப்பையைக் கைக்கொண்டது. பின்னர் அவர் அணித் தலைவராகவும் விளங்கினார். ஏழு ஆண்டுகள் இங்ஙனம் கழிந்தபின், 2023ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயது நிரம்பிய நிலையில், மோகன் பகான் கழகத்திற்குச் சென்றார்.

நம் ரயிற்பெட்டியில் இரு கட்சிகள் உண்டு. ஒரு கட்சியார் கூறுவது வருமாறு: "சென்னையில் அவர் நடுக்களத்தின் அச்சாணி. மூலையுதையும் தனியுதையும் அவர் காலுக்கே வந்தன. கொல்கத்தாவிலோ அவர் பலருள் ஒருவர். சில நாள் வெளியே அமர்ந்திருக்கிறார். சில நாள் தமக்குரிய இடத்தில் ஆடுவதில்லை. ஆகவே அவர் ஆட்டம் தேய்ந்துவிட்டது." மற்றக் கட்சியார் பதக்கங்களை எண்ணிக் காட்டுவர்: 2023இல் டூராண்டு கோப்பை, 2023-24இல் லீக் ஷீல்டு, 2024-25இல் ஷீல்டும் கோப்பையும். அவ்விரு லீக் பருவங்களில் நம் கழகம் பெற்ற இடம் முறையே ஆறாவதும் பதினோராவதும் ஆகும். "யார் தேய்ந்தார், யார் வளர்ந்தார்?" என்று அவர்கள் வினவும்பொழுது முதற் கட்சியார் சன்னல் வழியே வெளியே பார்க்கத் தொடங்குவர்.

இரு கட்சியாரும் பிழையான தராசையே கையிற் பிடித்திருக்கின்றனர் என்பது நமது துணிபு. ஒரே ஓர் ஆட்டத்தைக் கொண்டு இதனை விளக்குவோம். 2023 செப்டம்பர் 3ஆம் நாள் நடைபெற்ற டூராண்டு இறுதியாட்டத்தில் மோகன் பகான் அணி ஈஸ்ட் பெங்கால் அணியை 1-0 என வென்றது. அவ்வாட்டத்தின் பிற்பாதியில் தாபா சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். எஞ்சிய பதின்மர் ஆடி, பெட்ராடோஸ் அடித்த கோலால் வெற்றி பெற்றனர். இப்பொழுது முதற் கட்சியார் அட்டையைக் காட்டுவர். இரண்டாங் கட்சியார் பதக்கத்தைக் காட்டுவர். அட்டை ஒரு நாளின் பிழையை அறிவிக்குமேயன்றி, ஓர் ஆண்டின் ஆட்டத்தை அறிவிக்காது. பதக்கமோ பதினொருவரின் உழைப்புக்கும், அவர்களைத் தெரிந்தெடுத்த பயிற்சியாளரின் அறிவுக்கும், கழகத்தின் செல்வத்திற்கும் சேர்த்துக் கிடைத்த கூலி. தனியொருவரின் காலை அளக்க இரண்டும் உதவா.

பின்னர் எதனால் அளப்பது? நடுக்கள வீரனின் தொழில் கோல் அடிப்பது மட்டுமன்று. பந்தை மீட்பது, அதனை ஏற்ற இடத்தில் ஏற்ற நேரத்தில் சேர்ப்பது, தன்னருகே பிறர் ஆடுதற்கு வெளி உண்டாக்குவது ஆகிய இவையே அவனுடைய வேலை. இவற்றுட் பெரும்பகுதி கோல் கணக்கேட்டில் ஏறுவதில்லை. மேலும், தன்னைச் சுற்றி அணி அமைக்கப்பட்ட இடத்தில் ஆடுவது ஒன்று. தன்னைப்போன்றார் நால்வர் ஓரிடத்திற்குப் போட்டியிடும் அணியில், கொடுத்த இடத்தை ஏற்று ஆடுவது மற்றொன்று. வள்ளுவனார் இடனறிதல் எனப் பத்துக் குறள் கொண்ட தனி அதிகாரமே வகுத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது. இடம் மாறினால் வலிமை வெளிப்படும் வகையும் மாறும். எந்த இடத்தில் நின்றார், எத்தனை நிமிஷம் ஆடினார், உடன் ஆடினோர் யாவர் என்னும் மூன்றையும் கேளாமல், 'தேறினார்' என்றோ 'தேய்ந்தார்' என்றோ கூறுவது தீர்ப்பு ஆகாது.

ஆயினும், அறிவுக்குறை ஒன்றே இவ்விவாதத்திற்குக் காரணம் என்று நாம் எண்ணவில்லை. ஜேஜே லால்பெக்லுவாவை நினைத்துப் பாருங்கள். சென்னைக்காக லீக்கில் 23 கோல்கள் அடித்தவர் அவர். 2015, 2018 ஆகிய இரு வெற்றிகளிலும் பங்கு கொண்டவர். முழங்காற் காயத்தால் ஒரு பருவம் முழுவதும் ஆடாதிருந்து, 2020இல் அவர் ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்றார். அங்கே பழைய ஆட்டத்தை அவர் காட்ட இயலவில்லை. அதனைக் கண்டு சென்னையில் யாரும் மகிழ்ந்தாரில்லை, மனம் நொந்தோம். 2023இல் அவர் மிசோரம் சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட செய்தி கேட்டு, நம் வீட்டுப் பிள்ளை உயர்ந்தாற்போல் உவந்தோம். அவரும் நம்மைப் பிரிந்தவரே, கொல்கத்தாவுக்கே சென்றவரே. ஒருவர் பால் இரக்கமும் மற்றவர் பால் சினமும் கொள்வானேன்? ஜேஜே வலிமை குன்றிய காலத்திற் சென்றார். தாபா வலிமை நிரம்பிய காலத்திற் சென்றார். வேற்றுமை இஃதொன்றே. நம்மால் இனிப் பயன்படுத்த இயலாதவரை மன்னிப்பது எளிது. இன்னும் நமக்குப் பயன்படக்கூடியவர் பிரிந்தாலோ, பிரிந்த இடத்தில் அவர் வாடவேண்டும் என்று நெஞ்சின் ஒரு மூலை விரும்புகிறது. 'ஆட்டம் தேய்ந்ததா?' என்னும் கேள்வி அவ்விருப்பம் உடுத்து வரும் ஆடை.

இக்குற்றத்தைப் பிறர் மேல் மட்டும் ஏற்றிவிட்டு நாம் நழுவுதல் தகாது. 2024 மார்ச் 31ஆம் நாள் நம் அணி கொல்கத்தாவிலேயே மோகன் பகானை 3-2 என வென்றது. ஆட்டம் முடியுந் தறுவாயில் இர்பான் அடித்த கோலைத் தொலைக்காட்சியிற் கண்டு துள்ளிக் குதித்தோம். அப்பொழுது நம் வாயினின்று முதலில் வெளிவந்தது நம்மவர் பெயரன்று. பிரிந்து சென்றவரைக் குறித்த ஒரு வசைச்சொல். அடுத்த அறையிலிருந்த அன்னையார், "ஜெயித்தது நீங்கள்தானே? பின் யாரை வைகிறாய்?" என்று கேட்டார்கள். விடை கூற இயலவில்லை. இரு வாரங்கள் சென்றபின் மோகன் பகான் ஷீல்டு பெற்றது. நம் வசையால் ஆனது ஒன்றுமில்லை, நம் மகிழ்ச்சியிற் பாதியை நாமே கெடுத்துக்கொண்டதைத் தவிர.

நன்றி மறந்தார் என்று சிலர் கூறுவர். கும்பகருணன் சிறந்தவனா, வீடணன் சிறந்தவனா என்று பட்டிமன்றம் ஏறிப் பழகிய நமக்கு இச்சொல் எளிதில் வருகிறது. ஆனால் ஒப்புமை பொருந்துமா? வீடணன் பிரிந்தது அறத்தின் பொருட்டு. கும்பகருணன் நின்றது செஞ்சோற்றுக் கடன் பொருட்டு. பந்தாட்ட வீரனோ குறித்த காலத்திற்கு ஒப்பந்தம் எழுதி உழைக்கும் தொழிலாளி. அவனுடைய கால்கள் ஏறக்குறைய முப்பத்தைந்து வயது வரையே அவனுக்குச் சோறிடும். 2025 ஜூலையில் லீக்கின் உரிமை ஒப்பந்தம் பற்றிய சிக்கலால் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூர்க் கழகம் தன் வீரர்களின் ஊதியத்தையே நிறுத்திவைத்தது. கழகம் வீரனுக்குக் கொடுக்கும் உறுதி இவ்வளவே ஆயின், வீரனிடம் மட்டும் கும்பகருணனுடைய கடனைக் கேட்பது எந்த நியாயம்?

அன்றியும், இத்தராசு ஒரு பக்கமே சாய்வது. சென்னை சிட்டி அணியில் ஆடி 2018-19ஆம் ஆண்டு ஐ-லீக்கை வென்ற எட்வின் வான்ஸ்பால் 2019இல் நம் கழகத்திற்கு வந்தார். மோகன் பகானுக்கு முன்னர்த் தலைமை தாங்கிய பிரீதம் கோட்டால் 2025 ஜனவரியில் வந்தார். இவர்களை நன்றியற்றவர் என்று நாம் தூற்றினோமா? வருபவர் அறிவாளி, செல்பவர் துரோகி என்பது நம் வழக்கமாகிவிட்டது.

ரசிகனுக்கு வருந்தும் உரிமையும் இல்லையோ எனில், உண்டு. வீரர் மாறலாம், பயிற்சியாளர் மாறலாம்; மாறாமல் மழையிலும் தோல்வியிலும் படியில் அமர்ந்திருப்பவன் ரசிகன் ஒருவனே. அவன் இல்லையேல் கழகம் வெறும் வாணிகமாகும். அவனுடைய வருத்தம் மதிக்கத்தக்கது. வருந்துகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்வோம். அவ்வருத்தத்தை ஆட்டத்தின் மதிப்பீடு என்று பெயரிட்டு வழங்காதிருப்போம்.

இஃது ரயிற்பெட்டி விவகாரந்தானே என்று ஆசிரியப் பெருமக்கள் நகைக்கலாம். ஆனால் இவ்வேட்டைப் படிப்போருள் எத்துணையோ பேர் பழைய மாணவர். அவர்களும் ஒரு களத்தில் ஒளிவீசிப் பின்னர் வேறு களம் புகுந்தவரே. நெல்லையினின்றும் நாகர்கோவிலினின்றும் இங்கு வந்த நாமும் மூன்றாண்டில் எங்கெங்கோ செல்வோம். 1937ஆம் ஆண்டில் நம் கல்லூரியே ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டிற்குக் குடிபெயர்ந்ததன்றோ? விடுமுறையில் ஊருக்குச் சென்றால், ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்போர், "அவன் அங்கே எப்படி இருக்கிறானாம்?" என்று பிரிந்து சென்ற ஒவ்வொருவரைப் பற்றியும் வினவுவர். அக்கேள்வியில் அன்பும் இருக்கலாம், தராசும் இருக்கலாம். எது இருக்கிறதென்று கேட்பவனே அறிவான்.

அடுத்த ஆட்டத்திற்கும் நாம் ரயிலேறுவோம், விவாதமும் மூளும். தாபா எவ்விடத்தில் நின்று எங்ஙனம் ஆடினார் என்று நண்பர் தொடங்கினால் பார்க் நிலையம் வரை வாதிடச் சித்தமாயிருக்கிறோம். ஏழு ஆண்டுகள் அவர் நமக்காக ஓடினார் என்பதை மட்டும் இரு கட்சியாரும் தாம்பரத்திலேயே ஒப்புக்கொண்டு வண்டி ஏற வேண்டும்.